புழல் பக்கம் ஒரு மனநல ஆலோசனை மையம்: பெரியம்மாவைக் கூட்டிப் போனவள் எழுதுவது

புழல் காவாங்கரையிலிருந்து மாதவரம் பக்கம் போகும்போது, மெயின் ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் சனிக்கிழமைதோறும் மனநல ஆலோசனை நடக்கிறது. வெளியே போர்டு இல்லை. ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துகிறது, கட்டணம் கிடையாது. வருகிறவர்கள் பெரும்பாலும் ஈழத்திலிருந்து வந்தவர்கள். புழல் முகாம், கும்மிடிப்பூண்டி முகாம், அப்புறம் செங்குன்றம், பாடியநல்லூர் பக்கம் வாடகை வீட்டில் இருக்கிற வெளிப்பதிவுக்காரர்கள், அதாவது முகாமுக்கு வெளியே பதிவு செய்து வாழ்கிறவர்கள். வியாசர்பாடியிலிருந்து பர்மாக் குடும்பத்துத் தாத்தா ஒருவரும் வருகிறார்.

மையத்தின் பெயரை நான் எழுதவில்லை. அது அவர்களே கேட்டுக்கொண்டது. யார் யார் வருகிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்தால் பாதிப் பேர் வருவதை நிறுத்திவிடுவார்கள் என்றார்கள். அது நியாயம்தான். பதிவு, விசாரணை, கையெழுத்து என்றே பாதி ஆயுளைக் கழித்தவர்களுக்கு, பெயர் எழுதி வாங்குகிற எந்த இடமும் பயம்தான். தேவைப்படுகிறவர்கள் முகாமில் பெண்களிடம் விசாரித்தால் வழி சொல்வார்கள்.

நான் போனது என் பெரியம்மாவுக்காக. அம்மாவின் அக்கா. எங்கள் குடும்பம் மன்னாரிலிருந்து 1990-ல் படகில் ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாம் வழியாகப் புழலுக்கு வந்தது. நான் இங்கே முகாமில் பிறந்தவள். பெரியம்மா அப்போதே முல்லைத்தீவில் கல்யாணம் கட்டிப் போயிருந்ததால் அங்கேயே இருந்துவிட்டார். 2009-ல், கடைசிப் போரின்போது, விசுவமடு, சுதந்திரபுரம், மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று சனத்தோடு சனமாக நகர்ந்துகொண்டே போனவர். பெரியப்பா வலைஞர்மடத்தில் செல், அதாவது பீரங்கிக் குண்டு, விழுந்து இறந்துபோனார். அண்ணா, அதாவது பெரியம்மாவின் ஒரே மகன், மே 18 அன்று வட்டுவாகல் பாலம் தாண்டியதும் ராணுவம் கூப்பிட்டு பஸ்ஸில் ஏற்றியவர்களில் ஒருவர். பெரியம்மா கண் முன்னால் ஏறினார். அதற்குப் பிறகு தகவல் இல்லை. பெரியம்மா செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் கம்பிக்குள் இருந்து, வெளியே வந்து, அண்ணாவைத் தேடி அலைந்து, பிறகு விசா எடுத்து எங்களிடம் வந்து சேர்ந்தார்.

வந்ததிலிருந்து அவருக்கு நெஞ்சு இறுக்கம். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து வாசற்படியில் உட்கார்ந்துவிடுவார். உள்ளங்கால் எரிகிறது என்பார், தலைக்குள் ஏதோ ஓடுகிறது என்பார். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஈசிஜி, எக்கோ, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள், எல்லாம் நார்மல் என்றார்கள். அங்கே ஒரு டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலேயே, "சிலோனா? சுனாமில மாட்டினீங்களா?" என்று கேட்டார். பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து ஆட்டோவில் ஏறியதும், "இனி என்னை இப்படி இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு வராதை பிள்ளை, நான் விசரி இல்லை" என்றார். விசரி என்றால் பைத்தியக்காரி. அத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டோம்.

பல வருஷம் கழித்துத்தான் இந்த மாடிக்குப் போனோம். முகாமில் இருக்கிற ஒரு அக்கா வீட்டுக்கே வந்து, தானும் வருவதாகச் சொல்லி அழைத்துப் போனார். அந்த அக்கா இவர்களிடம் பயிற்சி எடுத்த தன்னார்வலர். வெள்ளைக் கோட்டு இல்லாத, அதே முகாமில் தண்ணீர் பிடிக்க நிற்கிற ஒரு பெண் வந்து கூப்பிட்டதால்தான் பெரியம்மா கிளம்பினார். இந்த முறை இவர்கள் கண்டுபிடித்தது இல்லை. சென்னையில் 1986-ல் சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவர் குழுவினரும், தமிழ்நாட்டில் இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம்களிலேயே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தொடர்ந்து போய்ப் பார்க்க வைத்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பாதுகாப்புத் திட்ட அட்டையும் எழுதிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்த முகாமில் தற்கொலை முயற்சிகள் குறைந்ததை 2017-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். முகாம்களில் எத்தனை வீடுகளில் இந்தச் சாவு நடந்திருக்கிறது என்பது அங்கே வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அதனால் இந்த அட்டை விஷயத்தை நான் சின்னதாக நினைக்கவில்லை.

பெரியம்மாவின் அட்டை உள்ளங்கை அளவு. பர்ஸில் வைத்திருக்கிறார். மனசு கெடப் போவதற்கான அடையாளங்கள் என்று அவரே சொல்லி எழுதியவை மேலே: சமைக்கப் பிடிக்காமல் போவது, அண்ணாவின் சட்டையை வெளியே எடுப்பது, யார் கூப்பிட்டாலும் கேட்காமல் இருப்பது. அதற்குக் கீழே செய்ய வேண்டியவை: செபமாலை சொல்வது, முகம் கழுவுவது, அந்த அக்காவுக்கு போன் போடுவது, என்னை எழுப்புவது. கடைசியில் மூன்று போன் நம்பர். மூன்றில் ஒன்று 14416. மத்திய அரசு 2022-ல் தொடங்கிய டெலி மானஸ் எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு இல்லை. நான் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதவிட்டேன்.

இனி மாடியைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு ஹால், ஒரு சின்ன அறை. எல்லா நாற்காலியும் கதவைப் பார்த்துப் போட்டிருக்கும். யாருடைய முதுகும் கதவுப் பக்கம் இருக்காது. பேசும்போதுகூட அறைக் கதவை முழுக்கச் சாத்துவதில்லை, ஒரு திரை மட்டும்தான். சுவரில் 'சிரித்து வாழ்வோம்' மாதிரி எந்தப் படமும் இல்லை, ஒரு காலண்டர் இருக்கிறது. உட்கார்ந்ததும் செம்பில் தண்ணீர் வைத்துவிடுகிறார்கள். ஆலோசகர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும், எல்லோரும் மேடம் என்று கூப்பிடுகிறோம். அவர் பேச்சு எங்கள் பேச்சோடு கொஞ்சம் ஒட்டி வரும்.

முதல் நாள் அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்தளன்ல நீங்க ஆஸ்பத்திரிப் பக்கம் இருந்தீங்களாம்மா, கடற்கரைப் பக்கமா?"

பெரியம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரையே பார்த்துக்கொண்டு, "கடற்கரைப் பக்கம். மணலுக்குள்ள பங்கர் நிக்காது, சேலையில மண் கட்டி அடுக்கினனாங்கள்" என்றார். நான் அதற்கு முன் கேட்காத பேச்சு அது. எங்களிடம் அவர் சொன்னதெல்லாம் 'செல் அடிச்சது, நடந்து வந்தம்' என்பது மட்டும்தான்.

இந்த மையத்தின் மிகப் பெரிய பலம் இதுதான் என்று நினைக்கிறேன். உட்கார்ந்திருப்பவர் என்ன கடந்து வந்தார் என்பதைத் தெரிந்துகொண்டு எதிரே உட்காருகிறார்கள். பாதுகாப்பு வலயம் என்று இலங்கை அரசே அறிவித்த இடத்துக்குள் செல் அடித்ததை நிரூபிக்கும் வேலையை அவர் தலையில் சுமத்துவதில்லை. ஐ.நா. நிபுணர் குழு 2011-ல், அந்தப் போரின் கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்றது. அடுத்த வருஷம் ஐ.நா.வின் உள் ஆய்வு 70,000-க்கும் மேற்பட்டவர்களைக் கணக்கில் காணோம் என்றது. இலங்கையின் வடமாகாண சபை 2015 பிப்ரவரி 10-ம் தேதி இனப்படுகொலை என்றே தீர்மானம் போட்டது. தமிழ்நாட்டிலேயே இதெல்லாம் தெரியாதவர்கள் நிறைய. பெரியம்மா மாதிரி ஆட்கள் வாயைத் திறந்தாலே, எதிரே இருப்பவர் முகத்தில் 'அப்படியா நடந்தது?' என்று ஒரு சந்தேகம் ஓடும். அந்தச் சந்தேகத்தைப் பார்த்த பிறகு ஒருவர் எதற்குப் பேச வேண்டும்? மேடம் முகத்தில் அது இல்லை. தூக்கத்துக்கு அடுத்தபடியாகப் பெரியம்மாவுக்குக் கிடைக்காமல் இருந்தது, தான் சொல்வதை நம்புகிற ஒரு ஆள்தான்.

சத்தம் ஒரு பெரிய பிரச்சினை, அதையும் சொல்ல வேண்டும். வடசென்னையில் சாவு ஊர்வலம் போனால் எப்படி வெடி வெடிப்பார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு சனிக்கிழமை குழுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது கீழே தெருவில் ஊர்வலம் வந்துவிட்டது. முதலில் பறை, உடனே சரவெடி. பெரியம்மா நாற்காலியிலிருந்து எழவில்லை, அப்படியே சரிந்து தரையில் குப்புற விழுந்தார். பக்கத்தில் ஒரு பெண் கூட்டி வந்திருந்த சின்னப் பையனையும் காலைப் பிடித்து இழுத்துத் தனக்குக் கீழே போட்டுக்கொண்டார். பையன் அலறினான். இன்னும் இரண்டு பேர் சுவரோரம் போய் ஒண்டிவிட்டார்கள்.

மேடம் செய்தது என்னவென்றால், தானும் தரையில் படுத்தார். சேலையோடு, பெரியம்மாவின் முகத்துக்கு நேரே முகம் வைத்து. தொடவில்லை. குரலை உயர்த்தாமல், "அம்மா, இது புழல். இன்னைக்கு சனிக்கிழமை. கீழ தெருவுல ஒரு பெரியவர் செத்துட்டார், அவரைத் தூக்கிட்டுப் போறாங்க. இது சரவெடி. பையன் நல்லா இருக்கான். தரையைத் தொட்டுப் பாருங்க, டைல்ஸ், சில்லுன்னு இருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். திரும்பத் திரும்ப அதே வார்த்தைகள். வெடி நிற்க நேரமானது. பெரியம்மாவின் விரல்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தரையைத் தடவ ஆரம்பித்தன. பிறகு பையனை விட்டார். எழுந்து உட்கார்ந்ததும் அவர் முதலில் கேட்டது, "தம்பிக்கு அடிபட்டிட்டுதோ?" என்றுதான்.

அதன் பிறகு எங்கள் வீட்டில் நாங்களும் இதையே செய்கிறோம். தீபாவளிக்கு, ஆடி மாதக் கோயில் திருவிழாக்களுக்கு, தெருவில் யாராவது இறந்தால். முன்கூட்டியே விசாரித்து, இன்ன நேரத்துக்கு வெடி வரும் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிடுவோம். தெரிந்து வருகிற சத்தத்துக்கும் திடீரென்று வருகிற சத்தத்துக்கும் உடம்பு நடந்துகொள்வதில் அவ்வளவு வித்தியாசம் இருக்கிறது. செபமாலை மூச்சும் இங்கே கற்றதுதான். ஒரு மணிக்கு மூச்சை இழுத்து, அடுத்த மணிக்கு மெதுவாக விடுவது. யாழ்ப்பாணத்தில் போர்க்காலத்தில் பல வருஷம் வேலை செய்த மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அவரவர் மதத்தில் ஏற்கெனவே இருக்கிற செபத்தையும் மந்திரத்தையும் உடம்பைத் தளர்த்தப் பயன்படுத்தச் சொன்னவர். சைவக்காரர்களுக்கு இங்கே 'ஓம்' சொல்லிக் கொடுக்கிறார்கள்.

அடுத்தது கயிறு. இது தனி அறையில் நடப்பது. பெரியம்மா கேட்டதால் என்னையும் உள்ளே இருக்கவிட்டார்கள். ஒரு நீளமான கயிற்றைத் தரையில் போடுகிறார்கள். ஒரு முனை பிறப்பு. பக்கத்தில் ஒரு தட்டில் பூக்கள், இன்னொரு தட்டில் சின்னதும் பெரிதுமாகக் கற்கள். நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல் என்று வாழ்க்கையை வரிசையாக வைத்துக்கொண்டே போக வேண்டும். கயிற்றின் மறுமுனையை நீட்டாமல் சுருட்டி வைத்திருப்பார்கள், அது இன்னும் வாழ வேண்டிய காலம். ஜெர்மனியின் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்து உளவியலாளர்கள் போரிலும் சித்திரவதையிலும் தப்பியவர்களுக்கென்று உருவாக்கிய முறை இது. சுனாமிக்குப் பிறகு எங்கள் வடக்குப் பிள்ளைகளிடமும் செய்து பார்த்திருக்கிறார்கள். கயிறு வைத்த பிறகு, ஒவ்வொரு வாரமும் ஒரு கல்லை எடுத்து, அன்று என்ன பார்த்தீர்கள், என்ன வாசம் வந்தது, உடம்பு எப்படி இருந்தது என்று முதலிலிருந்து முடிவு வரை சொல்ல வைக்கிறார்கள். சொன்னதை எழுதி, அடுத்த வாரம் படித்துக் காட்டுகிறார்கள்.

மன்னாரில் பிறந்ததற்கு ஒரு சாமந்தி வைத்தார் பெரியம்மா. மடு மாதா கோயில் திருவிழாவுக்கு ஒன்று. கல்யாணத்துக்கு ஒன்று. அண்ணா பிறந்ததற்குத் தட்டில் இருந்ததில் பெரியதாகத் தேடி எடுத்து வைத்தார். எங்கள் குடும்பம் படகேறியதற்கு ஒரு சின்னக் கல். அது அவருக்கு ஒரு கல்லாக இருந்தது என்பது எங்களுக்குத் தெரியாது. இடையில் சில கற்கள், 2004 சுனாமி உட்பட. வலைஞர்மடத்துக்கு இரண்டு கைகளாலும் ஒரு கல்லைத் தூக்கி வைத்தார்.

மே 18 வந்ததும் கை நின்றுவிட்டது. மேடம் காத்திருந்தார். பெரியம்மா கல் தட்டைத் தள்ளினார். "கல்லு வைக்கமாட்டன். என்ட பிள்ளை செத்தவன் எண்டு ஆர் சொன்னது?" பூத் தட்டைப் பார்த்தார். "பூவும் வைக்கேலாது."

இந்த இடத்தில் சாதாரணமாக என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலேயே சொல்லியிருக்கிறோம். உறவுக்காரர்கள், கோயிலில் பார்ப்பவர்கள் எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள்: ஏற்றுக்கொள்ளுங்கள், ஒரு பூசை கொடுங்கள், மனசு ஆறும். 2020 ஜனவரியில் இலங்கை ஜனாதிபதியே காணாமல் போனவர்கள் இறந்துவிட்டார்கள் என்று ஐ.நா. பிரதிநிதியிடம் சொன்னதாகச் செய்தி வந்தபோது, பெரியம்மா சாப்பாட்டை ஒதுக்கிவிட்டார். எப்படி இறந்தார், எங்கே, யார் கையால் என்று எதுவும் சொல்லாமல் செத்ததாக மட்டும் ஒத்துக்கொள்ளச் சொன்னால் எந்தத் தாய் ஒத்துக்கொள்வாள்?

மேடம், "அப்ப ரெண்டும் வைக்க வேண்டாம்மா. அந்த இடம் அப்படியே இருக்கட்டும். வேற என்ன வைக்கணும்னு தோணுது?" என்று கேட்டார். பெரியம்மா கொஞ்சம் யோசித்து, தன் பர்ஸிலிருந்து அண்ணாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை எடுத்துக் கயிற்றின் மேலேயே வைத்தார். போகிற வருகிற கூட்டத்துக்கெல்லாம் தூக்கிப் பிடித்த போட்டோ அது, ஓரமெல்லாம் மழுங்கிவிட்டது. அதன் பிறகு மெனிக் பாமுக்கு ஒரு கல், சென்னைக்கு வந்ததற்கு ஒரு பூ, என் மகள் பிறந்ததற்கு ஒரு பூ. போட்டோவைத் தாண்டிக் கயிறு போனது.

வீட்டுக்கு வந்து படித்தபோது தெரிந்தது, இதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வியட்நாம் போரில் காணாமல் போன வீரர்களின் குடும்பங்களைப் பார்த்துவிட்டு, இருப்பும் இல்லாத இறப்பும் இல்லாத இழப்பு என்று தனியாக வகைப்படுத்தினார். இத்தகைய இழப்புக்கு முடிவு தேடி நெருக்கக்கூடாது, இருக்கிறார் என்பதையும் இல்லை என்பதையும் ஒருசேர வைத்துக்கொண்டு வாழப் பழக்க வேண்டும் என்பது அவர் சொன்னது. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் 2017-லிருந்து, காணாமல் போன பிள்ளைகள் எங்கே என்று கேட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கும் அம்மாக்களைப் பற்றி 'அவர்களுக்கு யாராவது புரிய வைக்கக்கூடாதா' என்று பேசுகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

குறைகளும் இருக்கின்றன. முதல் குறை படி. செங்குத்தான, குறுகலான படி, கைப்பிடி ஒரு பக்கம் மட்டும். செல்லில் கால் போனவர்கள், செயற்கைக் கால் போட்டவர்கள் வருகிற இடம் இது. ஒரு அண்ணன் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. வாடகை கட்டுப்படியாகவில்லை என்கிறார்கள், ஆனாலும் கீழ்த்தளம் பார்த்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, பயிற்சிக்கு வருகிற மாணவர்கள். சில மாதம் இருந்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒருவரிடம் மனசைத் திறந்த பிறகு அவர் போய்விட்டால், அடுத்தவரிடம் மறுபடி முதலிலிருந்து யார் சொல்வது? அதிலும் ஒரு மாணவி ஒருநாள் குழுவில், பெரியம்மா ஏதோ சொல்லி முடித்ததும் கைதட்டி, "நீங்க எவ்ளோ ஸ்ட்ராங் அம்மா! உங்க கதை எங்களுக்கெல்லாம் இன்ஸ்பிரேஷன்" என்றார். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். பெரியம்மா முகம் இறுகிவிட்டது. "நான் ஸ்ட்ராங் எண்டு ஆர் சொன்னது? சாக வழி தெரியாம இருந்தனான்" என்றார். ஹாலே அமைதியாகிவிட்டது. அப்புறம் மூலையில் இருந்த இன்னொரு அம்மா, "நானும் அப்படித்தான்" என்றார். அன்றைக்குத்தான் குழு நிஜமாகப் பேசியது. தினமும் தைரியமாக இருந்து இருந்து களைத்துப்போனவர்கள் அவர்கள். மீண்டு வந்தவர்கள், இரும்பு மனசுக்காரர்கள் என்று மேடையில் புகழும்போது, அழுவதற்கான கடைசி இடத்தையும் பிடுங்கிக்கொள்கிறோம். மேடம் அந்த மாணவியைக் கடிந்துகொள்ளவில்லை. அடுத்த வாரத்திலிருந்து குழுவில் கைதட்டல் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டார்.

மூன்றாவது, ஆண்கள் அதிகம் வருவதில்லை. ஆண்களுக்கென்று ஆரம்பித்த குழு நின்றுபோய்விட்டது. பெயிண்ட் வேலை, கட்டட வேலைக்குப் போகிறவர்களுக்குச் சனிக்கிழமை மதியம் சம்பள நேரம். ஞாயிறு சாயங்காலம் வைத்தால் வருவார்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். முகாமில் செக்கிங் நாள் சனிக்கிழமையில் விழுந்தால் பெண்களும் வரமுடியாது. ஆள் இருக்கிறதா என்று எண்ணுகிற நாளில் வெளியே போக முடியாது. 2021-ல் அகதிகள் முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள், வீடு கட்டித் தந்தார்கள், உதவித்தொகையைக் கூட்டினார்கள். அதற்கெல்லாம் நன்றி உண்டு. ஆனால் செக்கிங் நின்றபாடில்லை.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்கிறேன். ஒருநாள் பெரியம்மா உள்ளே இருக்கும்போது மேடம் வெளியே வந்து என்னிடம், "நீங்க தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார். நான் செங்குன்றத்தில் ஒரு அரிசி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். ராத்திரி பெரியம்மா எழுந்தால் நானும் எழுவேன், காலையில் ஏழரைக்கு வேலை. அதைச் சொன்னேன். பிறகு, இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இந்த ஊர்ப் பேச்சே பேசினாலும் எனக்கு எந்த நாட்டுக் குடியுரிமையும் கையில் இல்லை என்பதையும் சொன்னேன். 1987 ஜூலை 1-க்கு முன் இந்த மண்ணில் பிறந்திருந்தால் சட்டப்படி இந்தியக் குடிமகள். நான் அதற்குப் பிறகு பிறந்தவள். அவர் அதற்கு மருந்து சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. ஆனால் முகாம் பிள்ளைகளாக வளர்ந்தவர்களுக்கென்று மாதம் ஒருமுறை தனியாக உட்காரும் ஒரு குழு இருப்பதாகச் சொன்னார். அதற்கும் போகிறேன். போரைப் பார்க்காதவர்களுக்கு என்ன மனக்கஷ்டம் என்று நினைப்பவர்கள், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது நாட்டின் பெயர் எழுதும் கட்டத்தில் எங்கள் பேனா எத்தனை நேரம் நிற்கும் என்று பார்த்திருக்கமாட்டார்கள்.

மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. இவர்கள் மாத்திரை கொடுப்பதில்லை. தேவைப்பட்டால் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்துக்கு எழுதிக் கொடுத்து, கூடவே ஆளும் அனுப்புகிறார்கள். வடசென்னையில் 'கீழ்ப்பாக்கம் கேஸ்' என்பது வசவு. அதனால் பெரியம்மா முதலில் மறுத்தார். 1794-லிருந்து இருக்கிற ஆஸ்பத்திரி, பாதி மெட்ராஸுக்கு வயசு அதைவிடக் குறைவு என்று மேடம் பேச்சுக் கொடுத்தே சம்மதிக்க வைத்தார். அங்கே கொடுத்த சின்ன மாத்திரை ராத்திரிக் கனவைக் குறைத்திருக்கிறது. கனவு குறைந்த பிறகுதான் கயிற்று வேலையே செய்ய முடிந்தது. எனவே பேச்சா மருந்தா என்று யாராவது வாதம் செய்தால் நம்பாதீர்கள்.

மே மாதம் இங்கே தனி ஏற்பாடு. ருவாண்டாவில் 1994-ல் நடந்த இனப்படுகொலையின் நினைவு நாட்கள் ஏப்ரல் 7-ல் தொடங்கும்போது, அங்கே கூட்டத்திலேயே அலறி விழுகிறவர்கள் நிறைய இருப்பார்களாம். அதற்கென்றே பயிற்சி பெற்றவர்களைப் பக்கத்தில் நிறுத்துவார்களாம். அதைச் சொல்லித்தான் மேடம் எங்களுக்கும் மே மாதத்துக்குத் திட்டம் போட வைத்தார். மே முதல் வாரத்திலிருந்தே தன்னார்வலர்கள் வீடு வீடாக வருகிறார்கள். 18-ம் தேதி மாடியில் கஞ்சி காய்ச்சுகிறோம். அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டும். போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலில் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தது அதுதான். போன தடவை யாரோ நல்லெண்ணத்தில் தேங்காய்ப் பால் கொண்டுவந்தார்கள், அம்மாக்கள் ஊற்றவிடவில்லை. பெரியம்மாதான் அடுப்படியில் நின்றார். யார் யாருக்கு ஊற்ற வேண்டும், முதலில் பிள்ளைகளுக்கு, பிறகு காயக்காரருக்கு என்று அந்த நாள் வரிசையையே சொல்லிச் சொல்லி ஊற்றினார். வியாசர்பாடித் தாத்தாவும் ஒரு சிரட்டை வாங்கிக் குடித்தார், பெரியம்மாவிடம் அவருடைய பர்மாக் கதையை அன்றுதான் முழுக்கச் சொன்னார். தயா சோமசுந்தரம் திரும்பத் திரும்ப எழுதுவது இதைத்தான்: எங்களுக்கு உடைந்தது தனித்தனி மனசு மட்டுமில்லை, ஊரும் உறவும் சடங்கும் சேர்ந்து உடைந்தது, அதனால் வைத்தியமும் ஊராகச் சேர்ந்துதான்.

பெரியம்மா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நெஞ்சு இறுக்கம் இருக்கிறது. ராத்திரி எழுந்திருப்பது குறைந்திருக்கிறது. மிளகாய்த்தூள் வறுத்து, முகாமில் இருக்கிற இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து பாக்கெட் போட்டு விற்கிறார். மண்டியில் என் முதலாளி வீட்டுக்கும் அதுதான் போகிறது. அவர் கதையை முழுக்க எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்துப் போட வைத்து ஒரு பிரதியை அவர் கையிலேயே கொடுத்தார்கள். ட்ரங்குப் பெட்டியில் அண்ணாவின் பள்ளிச் சான்றிதழோடு வைத்திருக்கிறார். எப்போதாவது எங்காவது விசாரணை என்று வந்தால் காட்டலாம் என்று அவர் கணக்கு.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் தருவேன். ஒன்றைக் குறைத்தது படிக்காகவும், மாறிக்கொண்டே இருக்கிற மாணவர்களுக்காகவும்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். மதியம் இரண்டு மணிக்கு ஆரம்பம், ஆனால் மூன்று மணிக்குப் போனால் கூட்டம் குறைவு. அடையாள அட்டை கேட்கமாட்டார்கள். முதல் நாள் தெரிந்தவர் ஒருவரோடு போங்கள், உள்ளே தனியாக உட்காருவதா சேர்ந்து உட்காருவதா என்று வயதானவரையே முடிவு செய்யவிடுங்கள். ஏற முடியாதவர்கள் முந்தின நாளே சொல்லிவிட்டால் வீட்டுக்கு வருகிறார்கள். மே மாதம் இடம் கிடைக்காது, ஏப்ரலிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள்.